அனுப்பியாச்சு

மண்டபத்தில் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டுப் பார்ட்டிகளோடு மெயில், போன் பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளை அதற்குப் பழக்கிவிடுவதும் என் பொறுப்புதான். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, புதுமடம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறவர்கள். பி.காம்., பி.எஸ்சி. முடித்தவர்கள். 'கோ, வென்ட், கான்', 'டேக், டுக், டேக்கன்' என்று மூன்று வரிசையையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் "சரக்கு அனுப்பியாச்சுன்னு அவங்களுக்கு ஒரு வரி போட்டுரும்மா" என்று சொன்னால் கை கீபோர்டில் அப்படியே நின்றுவிடும். இவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சட்டென்று முடிவுகட்டிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கும். வராமல் இல்லை. மூன்றாவது வரிசைச் சொல்லை எதோடு சேர்த்து, எந்த இடத்தில் வைப்பது என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

'அனுப்பியாச்சு' என்பதில் யார் அனுப்பியது, எதை அனுப்பியது என்பது கிடையாது. இரண்டும் பேசுகிறவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறோம். வேலை முடிந்துவிட்டது, இனிக் கவலை வேண்டாம் என்பதையெல்லாம் அந்த 'ஆச்சு' சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதையே சொல்ல 'வீ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்' என்று ஐந்து சொல் வேண்டும். யார் என்பதற்கு 'வீ', எதை என்பதற்கு 'இட்'. இந்த இரண்டு ப்ரோநவுனையும் விடவே முடியாது. 'ஆச்சு' செய்த வேலையை 'ஹேவ்', 'ஆல்ரெடி', 'சென்ட்' மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. எங்கள் பிள்ளைகள் எழுதும் முதல் மெயில் பெரும்பாலும் 'ஆல்ரெடி சென்ட்' என்றே இருக்கும். தமிழில் நினைத்தது அப்படியே இறங்கியிருக்கிறது. அதைத் தப்பு என்று அடித்துவிட எனக்கு மனம் வராது. முன்னால் 'வீ ஹேவ்', பின்னால் 'இட்' என்று இரண்டு பக்கமும் சேர்க்கச் சொல்வேன். வாக்கியம் சரியாகிவிடும். (அமெரிக்காக்காரர்கள் 'வீ ஆல்ரெடி சென்ட் இட்' என்று எழுதுவார்கள். அதுவும் சரிதான், அவர்கள் வழக்கம் அது.)

அப்புறம் 'இட்' போடுவதா 'தெம்' போடுவதா என்ற சிக்கல் வரும். 'நண்டு வந்துச்சு, அதை எடை போட்டாச்சு' என்கிறோம். ஒரு நண்டானாலும் ஒரு வண்டி நண்டானாலும் பேச்சில் 'அதை'தான். ஆங்கிலத்தில் 'த க்ராப்ஸ்' என்று ஆரம்பித்துவிட்டால் 'வீ ஹேவ் வெய்டு தெம்' என்றுதான் முடிக்க வேண்டும். 'த கன்சைன்மென்ட்' என்று ஆரம்பித்தால் 'இட்'. மெயிலின் முதல் வரியில் எந்தப் பெயர்ச்சொல்லைப் போட்டோமோ அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு ப்ரோநவுனை எழுதச் சொல்வேன். 'சென்ட் பேக்' மாதிரியான இரட்டைச் சொற்களில் ப்ரோநவுன் நடுவில் வந்து உட்கார வேண்டும், 'வீ சென்ட் இட் பேக்' என்று. 'சென்ட் பேக் இட்' கிடையாது. பெயராக இருந்தால் 'சென்ட் பேக் த பாக்ஸஸ்' என்றும் எழுதலாம், 'சென்ட் த பாக்ஸஸ் பேக்' என்றும் எழுதலாம். ப்ரோநவுனுக்கு அந்தச் சலுகை இல்லை.

வினையடை எங்கே நிற்கும் என்பதைத்தான் நாங்கள் அதிகம் பேசுவோம். தமிழில் அது வினைக்கு முன்னால் வந்துவிடும், 'சரியாகக் கட்டினார்கள்', 'மோசமாகக் கட்டினார்கள்' என்று. அதே பழக்கத்தில் 'தே பேட்லி பேக்டு இட்' என்று எழுதுவார்கள். ஆங்கிலக் காதுக்கு அது இடறும். 'தே பேக்டு இட் பேட்லி' என்று வினையையும் 'இட்'டையும் பிரிக்காமல் வைத்து, வினையடையைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். ஆனால் யார் கட்டியது என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் 'இட் வாஸ் பேட்லி பேக்டு' என்று வினையடை பார்ட்டிசிபிளுக்கு, அதாவது அந்த மூன்றாவது வரிசைச் சொல்லுக்கு, முன்னால் வந்துவிடுகிறது. நம்முடைய வரிசையே அங்கே கிடைக்கிறது. இதைக் கவனித்த பிறகு புதியவர்களுக்கு நான் முதலில் இந்த வகை வாக்கியங்களையே தருகிறேன். காலுக்குப் பழகிய தரையில் ஆரம்பிப்பது நல்லது.

இதற்கு உதாரணம் எங்கள் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது. ஐ.க்யூ.எஃப். என்றால் இண்டிவிஜுவலி குவிக் ஃப்ரோசன். ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேகமாக உறைய வைக்கப்பட்டது. இரண்டு அடைகள், அவற்றின் பின்னால் ஒரு பார்ட்டிசிபிள். இறால் பெட்டியில் பி.டி. என்றால் பீல்டு அண்ட் டிவெய்ன்டு, தோலுரித்துக் குடல் நரம்பு எடுத்தது. பி.யு.டி. என்றால் பீல்டு, அன்டிவெய்ன்டு, தோலுரித்தது, நரம்பு எடுக்காதது. பெட்டி தூக்கும் பிள்ளைகள்கூட நாள் முழுக்கப் பார்ட்டிசிபிள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதன் பேர் அதுதான் என்று தெரியாமல் பேசுகிறார்கள்.

ஒரு இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட நுட்பமானது. கிழிந்த வலை வேறு, கிழித்த வலை வேறு. உடைந்த பெட்டி தானாக உடைந்தது. உடைத்த பெட்டி என்றால் ஒரு கை இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ப்ரோக்கன்'தான். புகார் மெயிலில் 'ப்ரோக்கன் பாக்ஸஸ்' என்று வந்தால் நம்மைக் குற்றம் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் பதறிவிடுவார்கள். அந்தச் சொல்லில் குற்றம் இல்லை, பெட்டி இப்போது இருக்கிற நிலை மட்டுமே இருக்கிறது. குற்றம் சொல்ல வேண்டுமென்றால் பின்னால் ஒரு 'பை' வரும், இல்லை முன்னால் ஒரு 'கேர்லெஸ்லி' வரும்.

தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு நண்டும் கணவாயும் மட்டும் கொஞ்சம் வரும், வேலை குறைவு. அந்த மாதங்களில்தான் உட்கார்ந்து பழக நேரம் கிடைக்கும். அப்போது ஊரையே பாடமாக எடுத்துக்கொள்வோம். 'தனுஷ்கோடி வாஸ் கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்டு இன் 1964. இட் ஹேஸ் நெவர் பீன் ரீபில்ட்.' முதல் வாக்கியத்தில் வருடம் இருக்கிறது, அதனால் 'வாஸ்'. இரண்டாவதில் வருடம் கிடையாது, அந்த நிலை இன்றைக்கும் தொடர்கிறது, அதனால் 'ஹேஸ் பீன்'. ஊர்ப்பெயர் 'இட்' ஆகிவிட்டது. 'நெவர்' ஹேஸுக்கும் பீனுக்கும் நடுவில் புகுந்துகொண்டது. தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட புயல் என்பதால் யாருக்கும் இந்த இரண்டு வரியும் மறப்பதில்லை. பாம்பன் புதுப் பாலத்துக்கும் இதே விதி. 'ஏப்ரல் 2025' என்று எழுதினால் 'வாஸ் ஓப்பன்டு', எழுதாவிட்டால் 'ஹேஸ் பீன் ஓப்பன்டு'. 'நேத்து அனுப்பியிருக்கேன்' என்பது தமிழில் நல்ல வாக்கியம். ஆனால் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' ஆங்கிலத்தில் ஒட்டாது. இதைச் சொல்லிக் கேட்டதைவிட, தனுஷ்கோடியை வைத்துப் பார்த்ததில்தான் பலருக்குப் பிடிபட்டது.

'போயிருக்கார்' இன்னொன்று. மேனேஜர் கொச்சி போயிருக்கார் என்றால் இப்போது அங்கே இருக்கிறாரா, எப்போதோ போய்விட்டு வந்தவரா என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். 'கான்' போட்டால் ஆள் அங்கே, 'பீன்' போட்டால் போய்த் திரும்பியாயிற்று. மேனேஜர் பக்கத்து அறையில் இருக்கும்போது 'ஹி ஹேஸ் கான்' என்று பதில் போனால் பார்ட்டி வீணாகக் காத்திருப்பார்.

பாம்பன் பிள்ளை ஒருத்தி ஒரு மெயிலை என்னிடம் கொண்டுவந்தாள். 'வீ ஸ்டில் ஹேவ்ன்ட் ரிசீவ்டு தெம்' என்று இருந்தது. "அக்கா, இன்னும் வரலைன்னுதானே கேக்குறாங்க? நாளைக்குப் பதில் போடலாமா?" என்றாள். இல்லைம்மா, இப்பவே போடணும் என்றேன். 'வீ ஹேவ்ன்ட் ரிசீவ்டு தெம் யெட்' என்று எழுதியிருந்தால் சும்மா தகவல். 'ஸ்டில்' ஹேவ்ன்டுக்கு முன்னால் வந்துவிட்டால் பொறுமை குறைகிறது என்று பொருள். "இன்னும் வரலை" என்பதற்கும் "இன்னும் வரலையே" என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த ஏகாரம்தான் அது. அவளே உட்கார்ந்து 'தே ஹேவ் ஜஸ்ட் லெஃப்ட் தூத்துக்குடி' என்று அடித்து அனுப்பினாள். 'ஜஸ்ட்' சரியாக நடுவில் இருந்தது.

மெயிலில் இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். போனில் 'ஐவ் சென்ட் இட்' என்று வேகமாகச் சொன்னால் அந்த 'வ்' காதில் விழாது. 'இட்ஸ் பேக்டு' என்பதில் இருப்பது 'இஸ்', 'இட்ஸ் பீன் பேக்டு' என்பதில் இருப்பது 'ஹேஸ்'. ஒலி ஒன்றேதான். அடுத்த தடைக்காலத்தில் இதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஒருவர் பேச, மற்றவர் ஒவ்வொரு 'இட்ஸ்'ஸிலும் நிறுத்தி, இஸ்ஸா ஹேஸா என்று அடுத்து வரும் சொல்லை வைத்துச் சொல்ல வேண்டும்.