தொழிலுக்கு வயது 2, எனக்கு 41

தைத்த பைகளை விற்கச் சமூக ஊடகத்தில் கணக்கு தொடங்கிப் பதினோராவது நாள் இரவு. துணிப்பைகளின் படங்களை எல்லாம் ஏற்றி முடித்த திருப்தியில் சுயவிவரப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்தநாள் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. தொழிலுக்கான கணக்குதானே, தைக்க ஆரம்பித்த நாளையே போடுவோம் என்று ஆசையாக நிரப்பிச் சேமித்தேன். அடுத்த நொடி கணக்கு பூட்டிக்கொண்டது.

பெரும்பாலான தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. நான் கொடுத்த தேதிப்படி எனக்கு 2. கணக்கு யாருடைய தொழிலுக்காக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் கேட்பது அதை நடத்தும் ஆளின் பிறந்த தேதியைத்தான். தயவுசெய்து அங்கே கவித்துவம் காட்டாதீர்கள்.

மீட்க அடையாள அட்டையின் படம் கேட்டார்கள். இரவு விளக்கு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினேன். தெளிவாக இல்லை என்று ஒரு வரிப் பதில். அட்டையின் பளபளப்பில் விளக்கு விழுந்து, வேண்டிய பிறந்த வருடத்தையே மறைத்திருந்தது! மறுநாள் ஜன்னல் ஓரமாக, ஃப்ளாஷ் இல்லாமல், நான்கு மூலையும் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். அப்புறம் இன்னொரு சிக்கல். கணக்கில் இருப்பது தொழிலின் பெயர், அட்டையில் இருப்பது என் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கி மறுபடி எழுதினேன். பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. கடைசிவரை யாரும் கிடைக்கவில்லை.

பொறுக்க முடியாமல் வேறொரு தளத்தில் புலம்பினேன். சில நிமிடங்களிலேயே ஆறு பேர் வந்துவிட்டார்கள். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, இவர்தான் மீட்டுக் கொடுத்தார்" என்று ஆளுக்கொரு பெயர். ஒருவருக்குப் பதில்கூட எழுதிவிட்டேன். முன்பணமும், போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடும் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் பூட்டிய கணக்கோடு திறந்திருக்கும் மின்னஞ்சலும் போயிருக்கும். கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று தானாக வருகிறவர் எவராயிருந்தாலும் பிளாக் செய்துவிடுங்கள்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் வாட்ஸ்அப் பிசினஸ் அமைத்தேன். அதில் சிரமமே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. சொந்த எண்ணை அங்கே கொடுத்தால் குடும்ப அரட்டையும் வாடிக்கையாளரும் ஒரே பெட்டியில் வந்து விழுவார்கள். நான் தனி எண் வாங்கிக்கொண்டேன். பைகளை அதிலுள்ள கேட்டலாகில், அதாவது பொருள் பட்டியலில், போட்டு வைத்ததால், வேறு எந்தத் தளம் பூட்டிக்கொண்டாலும் அனுப்புவதற்கு ஒரு இணைப்பு கையில் இருக்கிறது.

மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு ஒரு குறியீடும் கேட்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பையும் அப்போதே போட்டேன். அது தரும் மீட்புக் குறியீடுகளைப் போனில் ஸ்க்ரீன்ஷாட்டாக வைப்பதில் அர்த்தமில்லை, போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து போகும். தாளில் எழுதித் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது: உரிமம் காரணமாகப் பிரபலமான பாட்டுகள் பலவற்றை ரீல்ஸில் சேர்க்க முடியாது. பாட்டை நம்பி வீடியோ எடுத்து வைக்காதீர்கள். என்னுடையவற்றில் இப்போது தையல் மெஷின் சத்தம்தான் ஓடுகிறது.

பத்தாம் நாள் காலை கணக்கு திறந்தது. படங்கள் அப்படியே இருந்தன, பின்தொடர்ந்த 63 பேரும் இருந்தார்கள். உள்பெட்டியில் ஒரு செய்தி: "அந்த நீலப் பை இன்னும் இருக்கா?" வெள்ளைப் பின்னணி கட்டி நேர்த்தியாக எடுத்த படங்களில் எதையும் அவர் கேட்கவில்லை. மெஷினின் கைப்பிடியில் சும்மா மாட்டி, கோணலாக எடுத்த ஒன்றைக் கேட்டிருந்தார். இருக்கிறது என்று எழுதிவிட்டு, பிறந்த தேதியை இன்னொரு முறை சரிபார்த்தேன்.