வலி வருமுன் கேட்டது

பெப்ரவரி 6
இன்று கிளினிக். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஹட்டன் ரோட்டுக்கு இறங்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, எட்டாம் மாதம் அல்லவா. மிட்வைஃப் மிஸ்ஸி பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, "பிள்ள பொறந்த பிறகு என்ன செய்யப் போறீங்க, யோசிச்சீங்களா?" என்றார். மூத்தவளுக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. அடுத்துக் கரு தங்குவதற்கு முன் இரண்டு வருடமாவது விடவேண்டுமாம். கரு தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் லூப் பற்றி விளக்கினார். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்து 10 நிமிடத்துக்குள் வைக்கலாம், தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதுவும் போனால் 4 வாரம் பொறுக்கவேண்டும். செம்பு சுற்றிய சின்னத் துண்டு, 10 வருடம் வரை வேலை செய்யும். தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது. நினைத்த நேரம் எடுக்கலாம்.

பெப்ரவரி 7
அம்மாவிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

தம்பி பிறந்தபோது, வலியில் கிடந்தவரிடம் சிங்களத்தில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். கைநாட்டு வைத்தார். இனிப் பிள்ளை இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது வயது 24. தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போனான். தோட்டங்களில் கருத்தடை ஆபரேஷனுக்குக் காசு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அம்மா காசைப் பற்றிப் பேசவே இல்லை. "என்னான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 2
லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தினார். மிஸ்ஸியிடமே கேட்டேன். நெஞ்சுக்குப் போக வழியே இல்லையாம். ஆனால் பிள்ளை பிறந்த கையோடு வைத்தால், பிறகு வைப்பதைவிடக் கழன்று விழ வாய்ப்பு அதிகமாம். மாதவிடாயும் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், அதனால் இரும்புச்சத்து மாத்திரையை விடாதே என்றார். நல்லதோடு கெட்டதையும் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கரு தங்காமலிருக்கக் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் இருக்கிறது. நான் லூப்பே போதும் என்றேன். அவரும் சரி என்றுவிட்டார்.

மார்ச் 19
மகன். வார்டில் வலி கூடுமுன் டாக்டரம்மா இன்னொரு தடவை கேட்டார், தமிழ் தெரிந்த நர்ஸ் பக்கத்தில் நின்றார். நஞ்சுக்கொடி விழுந்ததும் லூப்பை வைத்துவிட்டார்கள். பிள்ளைப்பேற்று வலியோடு பார்த்தால் அது தெரியவேயில்லை.

ஏப்ரல் 30
ஆறு வாரச் சோதனை. லூப் இடத்தில் இருக்கிறது. அதன் நூல் நீளமாக இறங்கியிருந்தது, நறுக்கிவிட்டார்கள். லூப் வைக்கவென்று பிறகு ஒரு நாள் தனியாக வருவதானால், பஸ் காசோடு ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய கூலியும், போயிருக்கும்.

நாத்தனாருக்குப் போன மாதம் கரு கலைந்தது. கலைந்து இரண்டு வாரத்திலேயே மறுபடி தங்கலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவளையும் கூட்டிப் போகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவையாகக் கேட்டார்: "வேணாம்னா எடுத்துறலாந்தானே?"

"எடுத்துறலாம்மா."