‘பிறவியிலேயே இருந்த நோய்’ என்று எழுதினார்கள்

2021 அக்டோபரில் அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்தார். மதுரையில் எக்கோ எடுத்தபோது, பன்னிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இதயச் சுவர் 22 மில்லிமீட்டர் தடித்திருந்தது. ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது பரம்பரையாக வரக்கூடிய, இதயத் தசை தடித்துப்போகும் நோய் என்றார் மருத்துவர். “வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென இறந்திருக்கிறார்களா?” என்று கேட்டார். அப்பா 44 வயதில் வயலில் சுருண்டு விழுந்து இறந்ததைச் சொன்னேன். அது மாரடைப்பு என்றே அதுவரை நம்பியிருந்தோம்.

நான் சொன்னது டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தந்தை 44 வயதில் திடீர் மரணம், பரம்பரை நோய்’ என்று ஒரே வரியாக ஏறியது. சிகிச்சைக்காகச் சொன்ன அந்த வரியைத்தான் காப்பீட்டு நிறுவனம் பிடித்துக்கொண்டது. இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை அண்ணனுக்குப் பொருத்த ஆன செலவு ரூ. 6,40,000. மரபணுவால் வந்த நோய் என்பதால் பிறவியிலேயே இருந்தது, பாலிசி எடுத்தபோது மறைத்துவிட்டீர்கள் என்று கிளைமை நிராகரித்தார்கள். பாலிசி எடுத்தது 2018 டிசம்பரில். அந்த விண்ணப்பத்தில் குடும்பத்தார் நோய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. செத்துப்போன அப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல் இருந்தது எனக்கு.

இரண்டு இரவு பாலிசிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். ‘முன்பே இருந்த நோய்’ என்றால் என்ன என்று அதிலேயே இருந்தது: பாலிசிக்கு முந்தைய 48 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய். அண்ணன் அதற்குமுன் நெஞ்சுக்காக ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை. மரபணுவில் ஒன்று இருப்பதும் நோய் கண்டறியப்படுவதும் வேறு வேறு. எங்கள் வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நின்றது.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுதினேன். அதே பதில்தான் வந்தது. பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (நிறுவனத்தைச் சாராத ஆம்புட்ஸ்மன்) மனு கொடுத்தேன். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். மனுவோடு மூன்று தாள்கள் வைத்தேன்: பாலிசியின் அந்த வரையறை, மரபணு நோய்களை விலக்கக் கூடாது என்ற, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2019 வழிகாட்டுதல், டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 26 தீர்ப்பு. அந்த வழக்கிலும் இதே இதய நோய்தான். மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாக ஒதுக்குவது அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு எதிரான பாகுபாடு என்று நீதிபதி பிரதிபா எம். சிங் அதில் எழுதியிருந்தார்.

விசாரணை காணொளியில் நடந்தது. “பாலிசிக்கு முன் இவருக்கு இந்த நோய் என்று எந்த மருத்துவர் எழுதினார்? காட்டுங்கள்” என்று குறைதீர்ப்பாளர் கேட்டார். நிறுவனத்தின் பிரதிநிதி தாள்களைப் புரட்டினார், வெகுநேரம். அவரிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. முழுத் தொகையையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

இப்போது அண்ணன் மகளுக்குப் பதினேழு வயது. அவளுக்கும் அந்த மரபணு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருத்துவர் சொன்னபடி ஆண்டுதோறும் எக்கோ எடுக்கிறோம். இதுவரை சுவர் சரியாக இருக்கிறது. மரபணுப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதித் தந்தார். அதன் முடிவு யார் கைக்கெல்லாம் போகும் என்று ஆய்வகத்தில் கேட்டேன். தெளிவான பதில் இல்லை. மரபணுத் தகவலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. பதினெட்டு முடிந்தபின் தானே முடிவு செய்வதாக அவள் சொல்லிவிட்டாள். அந்தச் சீட்டு பீரோவில், பாலிசிக் கோப்புக்குள் இருக்கிறது.