ஹார்ஸ்பவரைக் கடைசியில் பாருங்கள்

பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்குக் கிளப்கள் நடத்தும் கார்ப் போட்டிகளுக்கு, அதாவது கிளப் ரேஸுக்கு, எந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்? சுருக்கமான பதில் போதும் என்பவர்களுக்கு: மாஸ்டா எம்எக்ஸ்-5, திறந்த கூரை கொண்ட இரண்டு சீட் கார். துரு ஏறாததாக, முடிந்தால் ஏற்கெனவே ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு) போட்டு யாராவது ஓட்டியதாகப் பார்த்து வாங்கிவிட்டு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள். இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது, அதிலும் உயரமானவர்களுக்கு ரொம்பவே இடிக்கும்.

கிளப் ரேஸ் ஓட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் காரிலிருந்துதான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். ஏதாவது ஒரு கார் ரொம்ப நாளாக மனதில் இருக்கும், அதை எந்தப் போட்டியில் ஓட்டலாம் என்று அப்புறம் தேடுவார்கள். தலைகீழாகச் செய்வதுதான் சரி. எந்தப் போட்டி என்று முடிவு பண்ணுங்கள், அதன் விதிப்புத்தகத்தை முழுசாகப் படியுங்கள், கார் விளம்பரங்கள் பக்கம் அதற்கு அப்புறம் போங்கள். கூம்புகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடும் ஆட்டோகிராஸில் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே இருப்பீர்கள், அங்கே எடை குறைவும் சட்டென்று திரும்பும் ஸ்டீயரிங்கும் இருந்தால் போதும். ஹில் கிளைம்பில் மலைப்பாதையில் ஒவ்வொருவராகக் கிளம்பி மேலே போய்விடுவார்கள், பிரேக் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும், ஆனால் நின்ற இடத்திலிருந்து சக்கரம் வழுக்காமல் கிளம்புவது முக்கியம் என்பதால் எஞ்சின் பாரம் பின்சக்கரத்தின் மேல் விழும் டொயோட்டா எம்ஆர்2 மாதிரி கார்களுக்கு அங்கே ஒரு சாதகம் உண்டு. சர்க்யூட் ரேஸ் வேறு உலகம். அங்கே எல்லாமே சூடுதான்: பிரேக் சூடு, ஆயில் சூடு, கூலன்ட் சூடு, கடைசியில் ஓட்டுகிறவரும்.

விதிப்புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது வகுப்புப் பிரிவு. எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிப்பது பொதுவான வழக்கம், டர்போ இருந்தால் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்குவது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் பழக்கம், பல கிளப்களும் அதையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதாவது 1.6 லிட்டர் டர்போ கார் காகிதத்தில் 2.7 லிட்டராகி, உங்களைப் பெரிய எஞ்சின்காரர்கள் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது: முந்தைய உரிமையாளர் ஆசையாக மாற்றிய கேம்ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், ஏன், சில இடங்களில் வெறும் ஏர் இன்டேக்கூட, காரை ஸ்டாக் வகுப்பிலிருந்து, அதாவது மாற்றம் செய்யாத கார்களுக்கான வகுப்பிலிருந்து, வெளியே தள்ளிவிடும். விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கும் அந்த மாற்றங்களின் பட்டியல் உங்களுக்குச் சுமையாகக்கூட இருக்கலாம்.

சரி, எம்எக்ஸ்-5 ஏன்? 1989-இல் வந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர், சுமார் 115 ஹார்ஸ்பவர், எடை ஒரு டன்னுக்குள், சுமார் 950 கிலோ. இன்றைக்குப் பல சாதாரண குடும்பக் கார்களே இதைவிடப் பலம் அதிகமாக வைத்திருக்கின்றன. ஆனால் நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும்), முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்த எஞ்சின், பின்சக்கர இயக்கம். எடை குறைவு என்பது வேகத்துக்கு மட்டும் உதவும் சமாச்சாரம் இல்லை. ஒரே வேகத்தில் வரும் 950 கிலோ காரையும் 1400 கிலோ காரையும் நிறுத்திப் பாருங்கள், பெரியது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆற்றலைச் சூடாக மாற்றி டிஸ்க்கில் கொட்டுகிறது. அந்த வித்தியாசம் அப்படியே பிரேக் பேடிலும் டயரிலும், அதனால் உங்கள் பர்ஸிலும் தெரியும். போட்டிச் செலவில் எஞ்சின் ஒருமுறை வந்து பயமுறுத்தும், டயரோ ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

அதைவிடப் பெரிய காரணம், அது எங்கும் கிடைக்கிறது. 2016-இல் பத்து லட்சமாவது காரை மாஸ்டா தயாரித்துவிட்டது. அமெரிக்காவில் இந்தக் காரின் பெயர் மியாட்டா, ஸ்பெக் மியாட்டா மாதிரி அந்த ஒரே காருக்கென்றே வகுப்புகள் இருக்கின்றன. இதன் அர்த்தம் போட்டிக் கார்கள் நிறுத்தித் தயாராகும் இடமான பேடாக்கில் புரியும். பயிற்சி ஓட்டத்தில் வீல் பேரிங் போய்விட்டது, மதியம் ரேஸ் என்றால், பக்கத்துக் கூடாரத்தில் அதே கார் வைத்திருப்பவரிடம் உபரி பேரிங் இருக்கும், அதை அழுத்தி ஏற்றத் தெரிந்த ஆளும் இருப்பார். அபூர்வமான கார் வைத்திருப்பவருக்கு எல்லோரும் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பேரிங் கிடைக்காது. அதனால் எந்தக் காராக இருந்தாலும், நீங்கள் ஓட்டப்போகும் போட்டிக்கு ஒருமுறை பார்வையாளராகப் போய், எந்தக் கார் அதிகம் நிற்கிறது என்று பாருங்கள். எது ஜெயிக்கிறது என்பதைவிட எது மாலைவரை ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது உயரக் கதை. திறந்த கூரைக் கார் என்றால் பின்னால் ரோல் பார் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முன் காரைப் பார்க்கும் பரிசோதகர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நீளக் கம்பை வைப்பார்கள். நீங்கள் ஹெல்மெட்டோடு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும், சுமார் 5 செ.மீ. இடைவெளி கேட்கும் விதிகளும் உண்டு. பழைய எம்எக்ஸ்-5-இல் ஸ்டீயரிங் மேலே கீழே நகராது. சீட்டை இறக்கினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும், ஏற்றினால் தலை கம்பில் இடிக்கும். சீட் ரெயிலைக் கழற்றித் தரையோடு உடலைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய பக்கெட் சீட்டைப் பொருத்துவது, உள்ளே இருக்கும் ஃபோமை வெட்டி எடுப்பது என்று வழிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. கார் பார்க்கப் போகும்போது ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளட்சை மிதித்துப் பார்க்காமல் எந்தக் காருக்கும் விலை பேசுவதில்லை. ஷூவின் அகலத்துக்கு பெடல் இடைவெளி போதுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

உயரம் இடிக்கிறவர்களுக்கு டொயோட்டா 86, அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட். 2012-இல் வந்தது, பிஸ்டன்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 ஹார்ஸ்பவர், எடை சுமார் 1250 கிலோ. இரும்புக் கூரை இருக்கிறது, பின்சீட்டை மடக்கினால் போட்டிக்கான நான்கு டயரையும் ஏற்றிக்கொண்டு போகலாம், அதை நினைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். கனம் கூடுதல்தான், ஆனால் தலை நிம்மதியாக இருக்கும்.

லோட்டஸ் எலீஸ் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 1996-இல் வந்தபோது எடை சுமார் 725 கிலோ, ஓட்டிப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் அதன் அலுமினியச் சட்டம் பசையால் ஒட்டியது. சாதாரணக் கார் மாதிரி இழுத்து நிமிர்த்தி வெல்டிங் வைக்கிற விஷயமில்லை, பலமாக அடிபட்டால் சட்டத்தையே மாற்ற வேண்டி வரும். ஆரம்ப மாடல்களின் ரோவர் கே-சீரிஸ் எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பிரச்சினை ஊரறிந்தது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் மயோனைஸ் மாதிரி வெளிறிய பசை ஒட்டியிருக்கிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டா எஞ்சின் போட்ட பிந்தைய எலீஸ் இந்தத் தலைவலியிலிருந்து தப்பித்தது, விலைதான் தப்பவிடாது. ஹோண்டா எஸ்2000 இன்னொரு ஆசைக் கார், 9000 ஆர்பிஎம் வரை கத்தும் எஞ்சின், ஆனால் இப்போது சேகரிப்பாளர்கள் கையில் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கீறல் விழுந்தாலே வயிறு எரியும் காரை வைத்துக்கொண்டு கடைசி நொடியில் பிரேக் பிடிக்க மனசு வராது. எம்ஆர்2-இன் மூன்றாம் தலைமுறை விலையளவில் எம்எக்ஸ்-5-க்கு நெருங்கிய போட்டி, எடையும் ஒரு டன் சுற்றித்தான். ஆரம்ப எஞ்சின்கள் ஆயில் குடிக்கும், அதையும், மிட் எஞ்சின் கார், அதாவது சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் எஞ்சின் இருக்கும் கார், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எவ்வளவு சட்டென்று சுழலும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் வாங்கலாம். புதிதாக ஓட்ட வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மறுபடி எம்எக்ஸ்-5-க்கு வந்தால், பார்க்க வேண்டியது துரு, துரு, அப்புறம் மீண்டும் துரு. துணிக்கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் வழியாகப் போக வேண்டும். அதில் இலை, தூசு அடைத்தால் தண்ணீர் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் (sill) தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே, கட்டைவிரலால் அழுத்துங்கள், விரல் முட்டியால் தட்டுங்கள். ணங் என்று வராமல் மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே துருவை மறைக்கப் பூசிய பட்டிதான் (putty), அதில் காந்தம் ஒட்டாது, ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பொய் உடனே வெளிவரும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேசிஸ் ரெயில்களையும் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். முதல் தலைமுறையின் ஆரம்பகால 1.6 எஞ்சினாக இருந்தால், ஐடிலில் ஓடவிட்டு கிராங்க் புல்லியை (எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரம்) முன்னாலிருந்து உற்றுப் பாருங்கள், தள்ளாடினால் கிராங்க் முனை தேய்ந்திருக்க வாய்ப்புண்டு, விட்டுவிட்டு அடுத்த காரைப் பாருங்கள்.

வாங்கியதும் எஞ்சினில் கை வைக்காதீர்கள். முதல் செலவு பிரேக் ஃபுளூயிட். டாட் 4 தர ஃபுளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. அடுத்தது பேட், டயர், சீட்.

தயாரான போட்டிக் கார் வாங்கினால், போட்ட செலவில் பெரும்பகுதியை விற்பவர் இழந்திருப்பார், லாபம் உங்களுக்கு. ஆனால் பெல்ட்டிலும் சீட்டிலும் இருக்கும் லேபிளில் தேதி பாருங்கள், காலாவதியாகியிருந்தால் அவை உங்களுக்கு வெறும் அலங்காரம், விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முழு ரோல் கேஜ் (உள்ளே சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு) இருக்கும் காரைப் போட்டிக்குச் சாலையில் ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது, சின்ன மோதலே போதும். டிரெய்லரையும் அதை இழுக்கும் வண்டியையும் இப்போதே பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.