இயல்பான நிலை

"சார், பத்து மணிக்கு சூட் ப்ளோயிங் இருக்கிறது. நீங்கள் முடித்த பிறகு வைத்துக்கொள்ளட்டுமா?" கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கிடாக்கியில் கேட்டார் ஷிப்ட் பொறியாளர். புகைபோக்கி மேடையில், புகையிலுள்ள தூசை அளக்க மாதிரி எடுக்கும் உறிஞ்சுகுழாயை அடுத்த புள்ளிக்கு நகர்த்திக்கொண்டே, "அது உங்கள் வசதி" என்றேன்.

மூன்றே சொற்கள். இன்னும் விழுங்க முடியவில்லை.

அன்றைய மாதிரிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐசோகைனடிக் விகிதம், அதாவது புகை ஓடும் வேகத்தோடு குழாய் உறிஞ்சும் வேகம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது, 97, 101, 99 சதவீதம் என வந்தது. 90-க்கும் 110-க்கும் இடையில் இருந்தாலே போதும். கசிவுச் சோதனையும் மூன்று முறையும் தேறியது. தூசு படிந்த வடிதாள்கள் மூன்றும் ஒரே இளஞ்சாம்பல் சாயலில் இருந்தன. அத்தனை ஒத்துப்போன மூன்று வடிதாள்கள் எனக்கு அமைவது அபூர்வம். இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் வைத்தபோது உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொதிகலன் குழாய்களில் படிந்த கரியையும் சாம்பலையும் நீராவி பாய்ச்சி உதிர்ப்பதுதான் சூட் ப்ளோயிங். அந்தச் சில நிமிடங்கள் புகையில் தூசு கூடும். அது அங்கே ஒவ்வொரு ஷிப்டிலும் நடக்கிற வேலை.

புகைபோக்கியில் வருவதை அளப்பதுதான் என் பொறுப்பு, ஆலையை எப்படி ஓட்டுவது என்று சொல்வதல்ல. சுமை, ஆக்சிஜன், வெப்பநிலை எல்லாவற்றையும் பதிந்தேன். எண்ணில் பொய் இல்லை. ஆனால் "சோதனையின்போது கொதிகலன் இயல்பான நிலையில் இயங்கியது" என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான். பத்து மணி வேலையைத் தள்ளிவைத்தது பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அவர் கேட்காமலே தள்ளிவைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நேர்மையாகக் கேட்டவர் அவர், நழுவியவன் நான் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், என்னையும் கூட்டுச் சேர்க்கத்தான் கேட்டாரோ என்று சந்தேகம் வருகிறது. அந்தக் குரலில் அப்படி எதுவும் இல்லை. நாற்காலியைச் சற்று நகர்த்தட்டுமா என்பதுபோலத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் ஆலைக்குப் போகும் முன்பே சூட் ப்ளோயிங் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுகிறேன், மூன்றில் ஒரு மாதிரியாவது அந்த நேரத்தில் எடுத்துவிடலாம் என்று. சென்ற முறையும் கேட்டேன். போய் இறங்கியபோது, "உங்களுக்காகவே அதிகாலையில் முடித்துவிட்டோம், சார்" என்றார்கள்.