மூன்று முறை திரும்பி வந்த அறிக்கை

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நான் அனுப்பிய தொற்று அறிக்கை மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு, நான்காம் முறையாக நேற்று மாலை ஏற்கப்பட்டது. படிவத்தை எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதிலிருந்த ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப ஐந்து நாள்கள் அலைந்தேன். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய இரத்தநாளத்துக்குள் செலுத்தும் குழாய், வழியாக வரும் இரத்தத் தொற்றை, அதாவது நாம் எல்லோரும் ‘கிளாப்சி’ என்று சொல்வதை, முதன்முறையாக அறிக்கையாக்கப் போகும் செவிலியர்களுக்கு அந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நோயாளிக்கு அவசரப் பிரிவில் இரவு நேரத்தில் கழுத்துவழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். அன்றிரவே எங்கள் பிரிவுக்கு வந்தார், தேறினார், பொது வார்டுக்கு மாற்றப்பட்டார். மாற்றிய மறுநாள் காலை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸுக்கு ஏறியது. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினார்கள், குழாயை அகற்றினார்கள், மருந்து தொடங்கினார்கள். சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை. அவர் நலமடைந்து வீடு திரும்பிவிட்டார். சிக்கல் முழுவதும் காகிதத்தில்தான் இருந்தது.

முதல் முறை படிவம் திரும்பியதற்குக் காரணம், குழாய் போட்ட தேதி இல்லாதது. தேதிதானே என்று யாரும் எண்ண வேண்டாம். நாங்கள் பின்பற்றும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் வரையறைப்படி, குழாய் தொடர்ந்து இரண்டு நாள்காட்டி நாள்களுக்கு மேல் உடலில் இருந்திருந்தால்தான் அந்தத் தொற்றைக் குழாயின் கணக்கில் சேர்க்க முடியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. குழாய் போட்ட முதல் சில நாள்களில் தொற்று வந்தால், போடும்போது ஏதேனும் தவறியதா என்று பார்க்க வேண்டும்; ஒரு வாரம் கடந்து வந்தால், அதன்பிறகு நாம் அதைக் கையாண்ட விதத்தைத்தான் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டும். தேதி இல்லையென்றால் எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாது.

கேஸ் ஷீட்டில் குழாய் போட்டதற்கான குறிப்புத்தாள் இல்லை. கழுத்தில் ஒட்டியிருந்த டிரெஸ்ஸிங்கின் ஓரத்தில் தேதி இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஆனால் அது டிரெஸ்ஸிங் மாற்றிய தேதி. ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். பழையதை உரித்துக் குப்பைத் தொட்டியில் போடும்போது, குழாய் போட்ட தேதியும் அதோடு போய்விடுகிறது. புதியதில் அன்றைய தேதியை மட்டும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுகிறோம். அந்த எழுத்தின் மேலேயே தோலைத் துடைக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் பட்டு, நீலம் கரைந்து, நான்கா ஒன்பதா என்று தெரியாதபடி இருந்தது. இத்தனை ஆண்டுகள் இந்தப் பிரிவில் வேலை செய்தும் இப்படி ஒரு தகவல் தொலைகிறது என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

அவசரப் பிரிவுக்குப் போனேன். கோப்பு ரெக்கார்டு அறைக்குப் போய்விட்டது என்றார்கள். ரெக்கார்டு அறை எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் எதையும் எடுத்துத் தர முடியாது என்றார். மருத்துவர் இரண்டு நாள் விடுப்பு. அவர் வந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால், கோப்பில் அந்தத் தாள் மட்டும் இல்லை. பதிவேட்டில் ‘குழாய் போடப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருந்தது, அதிலும் தேதி இல்லை. கடிதம் கேட்ட அந்த விதி நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதற்கானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அறிக்கை அனுப்ப வரும் செவிலியருக்கு அதே விதி எப்படிப் பொருந்தும் என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டாமா?

ஐந்தாம் நாள் எக்ஸ்ரே பிரிவின் வழியாக நடந்து வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. கழுத்தில் குழாய் போட்டால், அதன் நுனி சரியான இடத்தில் நிற்கிறதா, நுரையீரலில் காற்றுக் கசிவு ஏதும் இல்லையா என்று பார்க்க மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அங்கிருந்த டெக்னீஷியன் கணினியில் எண்ணைத் தட்டியதும் படம் வந்தது: தேதி, இரவு 10.50 மணி, ‘லைன் போட்டபின்’ என்ற குறிப்புடன். அந்தத் திரையின் முன்னால் நின்று நான் விட்ட பெருமூச்சை அவர் விசித்திரமாகப் பார்த்தார். தாள் தொலைந்தவர்கள் முதலில் எக்ஸ்ரே பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் வந்தது ஒன்பதாம் நாள் என்று உறுதியானது.

இரண்டாம் முறை திரும்பியது கல்ச்சருக்காக. வளர்ந்திருந்தது தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டேஃபிலோகாக்கஸ் வகை. இப்படிப்பட்ட கிருமி ஒரே ஒரு இரத்த மாதிரியில் மட்டும் வளர்ந்தால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து கலந்திருக்கலாம்; ஆகவே தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரிகளில் அதே கிருமி வளர வேண்டும், காய்ச்சல் போன்ற அறிகுறியும் இருக்க வேண்டும். ஒரே குத்தலில் எடுத்து இரண்டு பாட்டில்களில் ஊற்றினால் அது ஒரு மாதிரியாகத்தான் கணக்காகும். இதில் பலர் ஏமாறுகிறார்கள். பொது வார்டு செவிலியர் இரு கைகளிலும் தனித்தனியே எடுத்திருந்தார். ஆனால் ஆய்வக ஜன்னலில் ஒரு முடிவுதான் கிடைத்தது. இரண்டாவது மாதிரி நோயாளியின் பழைய படுக்கை எண்ணில் பதிவாகி எங்கள் பிரிவின் தட்டில் கிடந்தது. அதைத் தேடிக் கொடுத்த ஆய்வக ஊழியருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றியவுடன் அனுப்பும் மாதிரிகளைத் தனியாகப் பின்தொடருங்கள்.

தொற்று எந்தப் பிரிவின் கணக்கு என்பதற்காகத் திரும்பிய மூன்றாம் முறைதான் மனம் நொந்தது. “காய்ச்சல் வந்தது வார்டுல. இத நம்ம தலையில ஏன் போட்டுக்கணும் சிஸ்டர்?” என்று எங்கள் இன்சார்ஜ் கேட்டார். வார்டிலோ, “உங்ககிட்ட இருந்துதானே வந்தாரு” என்றார்கள். விதி தெளிவாக இருக்கிறது: மாற்றிய நாளிலோ அதற்கு அடுத்த நாளிலோ தொற்று தெரிந்தால், அது அனுப்பிய பிரிவின் கணக்கு. அதை அச்செடுத்து இன்சார்ஜிடம் கொடுத்தேன். இதுபோன்ற தொற்று தீவிர சிகிச்சையில் தவிர்க்க முடியாதது என்று மூத்த மருத்துவர் ஒருவர் சொன்னபோது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மருத்துவமனைகளைப் பற்றிப் பேசினேன். கை கழுவுதல், முழுத் தடுப்பு உடை, குளோர்ஹெக்சிடின், தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் என்ற ஐந்தைக் கடைப்பிடித்து, 1,000 குழாய்-நாள்களுக்கு (ஒரு நோயாளி குழாயோடு இருக்கும் ஒரு நாள் ஒரு குழாய்-நாள்) 2.7 ஆக இருந்த இடைநிலைத் தொற்று விகிதத்தை மூன்றே மாதங்களில் பூஜ்யமாக்கினார்கள். 2006இல் அந்த ஆய்வு வெளியானது. அவர் மறுக்கவில்லை. படிவத்தின் கடைசியில் ‘பொறுப்பானவர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாகவே விட்டேன். ஒருவர் பெயரை எழுதினால் அடுத்த அறிக்கை வரவே வராது.

விகிதம் கணக்கிடக் குழாய்-நாள்கள் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், குழாய் உள்ள நோயாளிகளை எண்ண வேண்டும். ஒருவருக்கு இரண்டு குழாய் இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் பதிவேட்டில் அந்த மாதத்தின் நான்கு ஞாயிறுகளும் வெறுமையாக இருந்தன. “சனிக்கிழமை எண்ணையே போட்டுடுங்க” என்று ஒருவர் சொன்னார். போடவில்லை. நான்கு நாள்களின் செவிலியர் குறிப்புகளையும் எடுத்து, படுக்கை படுக்கையாக எண்ணினேன். இரண்டு ஞாயிறுகளில் சனிக்கிழமை எண்ணும் அதுவும் ஒத்துப்போகவில்லை.

ஒன்பதாம் நாள் என்று தெரிந்ததால், குழாயைக் கையாளும் விதத்தைப் பார்க்க ஒரு பிற்பகல் முழுவதும் படுக்கையருகே நின்றேன். மருந்து ஏற்றுமுன், சிரிஞ்சைப் பொருத்தும் குழாயின் வெளிமுனையான ஹப்பை ஆல்கஹால் பஞ்சால் தேய்த்து, காயவிட வேண்டும். பஞ்சுப் பெட்டி அறையின் மறுகோடியில் இருந்த அலமாரியில் இருந்தது. ஒரு கையில் நிரப்பிய சிரிஞ்சும் மறு கையில் குழாயுமாக நிற்பவர், மானிட்டர் அலறும்போது அங்கே நடந்து போய் வர முடியாது. இப்போது ஒவ்வொரு படுக்கையின் கம்பியிலும் ஒரு பெட்டி தொங்குகிறது.

தொலைந்த குறிப்புத்தாள் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும் என்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை எங்கள் பிரிவில் டிரெஸ்ஸிங் மாற்றும்போது, குழாய் போட்ட தேதி, மாற்றிய தேதி இரண்டையும் அழியாத மையில் ஒட்டுவில்லையில் எழுதுகிறோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் முதல் தேதியை எழுதி வைக்கிறோம்.