திருப்பிக் காட்டு

அம்மா சங்கரன்கோவிலில் முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள். யார் என்ன துணியைக் காட்டினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள். "மேல்பக்கத்தை எல்லாரும் அழகாத்தான் வச்சிருப்பாங்க" என்பாள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த ஊர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன். ஜனவரி மாதம். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுவார். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பகல் முழுக்க ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடக்கும் பனியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். எங்களுக்குக் குளிர் புதிது என்று தெரிந்து, தான் தைத்த குவில்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாசலில் நிற்கும்போதே என் கை அதன் மூலையைத் திருப்பிவிட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ தைப்பாயா?" என்று கேட்டார். அந்த ஊரில் என்னைப் பற்றி யாரோ கேட்ட முதல் கேள்வி அது.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலிருந்து கீழ்வரை தையல் ஓட்டுவார்கள். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பழைய புடவையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பதும் இதே வேலைதான். அதனால் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை. ஜாக்கெட் தைக்கும்போது பின்னால் பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று உள்ளே தாராளமாகத் துணி விடுவோம். குவில்டில் விடுவது கால் இஞ்ச் மட்டும். அதிலும் ஒரு மயிரிழை குறைத்து ஓட்ட வேண்டும். துணி மடிந்து திரும்பும் இடத்தில் அந்த மயிரிழை போய்விடும். என் தையல் ஒவ்வொன்றும் வீசம் இஞ்ச், அதாவது இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு, அதிகமாக ஓடியிருந்தது. ஒரு தையல் இரண்டு பக்கத் துணியையும் விழுங்கும், ஆக ஒரு தையலுக்கு அரைக்கால் இஞ்ச் நஷ்டம். பன்னிரண்டு துண்டு, பதினோரு தையல். வரிசை முடிந்தபோது கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச் குறைந்திருந்தது. பக்கத்து வரிசையோடு எதுவும் பொருந்தவில்லை. அன்று இரவு உட்கார்ந்து அழுதேன். துணிக்காக மட்டும் அழவில்லை என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் அந்த அம்மா மிஷினின் மேடையில் கால் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு டேப்பை ஒட்டிக் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்கச் சொன்னார். குறுக்காக வெட்டிய துணியை இழுத்தால் அதன் வடிவமே போய்விடும். அப்புறம், மேல் வரிசையின் தையலை இடதுபக்கமும் கீழ் வரிசையினுடையதை வலதுபக்கமும் மடித்து அழுத்தக் கற்றுக்கொடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்து விரலால் நெருக்கினால், ஓரிடத்தில் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் விரல் நுனிக்குத் தெரியும். அங்கே ஊசி இறங்கினால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். அது முதன்முதலில் சேர்ந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

லிங்கனில்தான் சர்வதேச குவில்ட் அருங்காட்சியகம் இருக்கிறது என்பதே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராபர்ட் ஜேம்ஸ், ஆர்டிஸ் ஜேம்ஸ் தம்பதியர் தாங்கள் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 950 குவில்ட்களை 1997இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் தொடங்கியது அது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். கட்டிலில் கிடந்ததை எழுந்து நின்று பார்க்க வைத்த காட்சி அது. அந்தத் தொகுப்பும் இப்போது இங்கேதான் இருக்கிறது. பெயர் தெரியாத பெண்கள் செய்த வேலை. அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் அம்மாவின் நினைப்பு வரும்.

என் மனது போய் ஒட்டியது நவீன குவில்ட்களில். பூப்போட்ட துணி குறைவு, ஒரே நிறத் துணிகள் அதிகம். சுற்றிலும் கரை வைப்பது கட்டாயமில்லை. நடுவில்தான் வடிவம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பகுதியை வெறுமனே விட்டுவிடுவார்கள். 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, 2013இல் ஆஸ்டினில் முதல் பெரிய கண்காட்சியும் நடத்தினார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு "இதில் என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். பூத்துணியில் ஒரு பிசிறு ஒளிந்துகொள்ளும். வெறும் வெள்ளையில் எது ஒளியும்? அரை இஞ்ச் அகலப் பட்டை ஒரு நூல் கோணினால் அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். எளிமையாகத் தெரிவதற்குத்தான் அதிகத் திறமை வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன குளிர்காலத்தில் அப்படி ஒன்று செய்தேன். முழுக்க வெள்ளை, இடது ஓரத்தில் மட்டும் அரக்கு நிறத்தில் ஐந்து ஒல்லிப் பட்டைகள். வெற்றிடத்தில் என்ன தையல் போடுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். நூலை அறுக்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் நிறுத்தும் இடமெல்லாம் முடிச்சு, ஒவ்வொரு முடிச்சையும் பஞ்சுக்குள் புதைக்க வேண்டும். எடுத்த கை எடுக்காமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற சிக்குக்கோலம் நினைவுக்கு வந்தது. துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் துணியை ஓட்டினேன். காலின் வேகமும் கையின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். முடிக்க ஏழு வாரம் ஆனது.

இங்கே குவில்ட் கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை போட்டவர்கள் நிற்பார்கள். கேட்டால் மூலையைப் பிடித்துப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். அம்மாவுக்கு அந்த விஷயத்தைச் சொன்னபோது, "வேலை தெரிஞ்ச ஊருதான்" என்றாள்.

முடித்த அன்று வீடியோவில் அவளைக் கூப்பிட்டு, விரித்துப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள்.

"ஏட்டி, திருப்பிக் காட்டு."

திருப்பினேன். போனைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். இன்னும் கிட்டே.

"அந்த மூணாவது வளைவுல கை அவசரப்பட்டிருக்கு. அடிநூல் இழுத்திருக்கு பாரு."

உண்மைதான். அந்த வளைவைத் தைக்கும்போது வாசல் மணி அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான் பிரித்து முடிக்கும்வரை அவளுடைய மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.